எட்டில் மூன்று, ஐந்தில் மூன்று

கம்ப்யூட்டரில் கணக்குச் சொல்லித்தரும் மென்பொருள்களில் பாடங்களை எந்த வரிசையில் வைத்தால் பிள்ளைகளுக்கு நன்றாக ஏறுகிறது என்று அளந்து சொல்வது என் வேலை. பாடம் எழுதுபவர் வேறு, படம் வரைபவர் வேறு, நிரல் எழுதுபவர் வேறு. எல்லாரும் கூடி வரிசையை முடிவு செய்ய உட்காரும்போது சண்டை வரும். பின்னத்தை வட்டப் படத்தில் தொடங்குவதா, எண்கோட்டில் தொடங்குவதா? சமான பின்னம் முடிந்து ஒப்பிடுதலா, ஒப்பிடுதல் முடிந்து சமான பின்னமா? பல வருடம் வகுப்பெடுத்த ஆசிரியர் ஒன்று சொல்வார், பாடநூல் வேறொன்று சொல்லும், வேறு நாட்டு மென்பொருளைப் பார்த்தவர் மூன்றாவதாக ஒன்று சொல்வார். அந்தச் சண்டையை எண்ணால் தீர்த்துவைக்கச் சொல்லி என்னிடம் அனுப்புவார்கள்.

தீர்த்துவைக்க முடியும். ஆனால் இரண்டு வரிசைகளுக்கு இடையிலான வித்தியாசம் பாடம் நடக்கும்போது ஒரு மாதிரியும், சில வாரம் கழித்து வேறு மாதிரியும் தெரியும். எந்த நாளில், எந்தக் கேள்வியை வைத்து அளப்பது என்று முடிவு செய்யாமல் அளக்க இறங்கினால், தவறான வரிசைக்கே பரிசு கொடுத்துவிட்டு வருவோம். இந்தத் தொழிலில் நான் திரும்பத் திரும்பச் சொல்லவேண்டி வருவது இது ஒன்றைத்தான்.

காகிதத்தில் அளப்பது எளிது. 1938-இல் ஆங்கிலேயப் புள்ளியியலாளர் மாரிஸ் கெண்டல் தந்த அளவை எடுத்துக்கொள்வோம். பாடங்களை இரண்டிரண்டாகச் சேர்த்துப் பார்க்க வேண்டும். இரண்டு வரிசைகளிலும் ஒரே முன்பின்னாக வரும் ஜோடிகள் எத்தனை, புரண்டு வரும் ஜோடிகள் எத்தனை என்று எண்ணி, முன்னதிலிருந்து பின்னதைக் கழித்து, மொத்த ஜோடிகளால் வகுக்க வேண்டும். முழுக்க ஒத்துப்போனால் 1, தலைகீழாக இருந்தால் -1. ரஷ்யாவின் விளாதிமிர் லெவன்ஷ்டைன் 1965-இல் சொன்னது இன்னொரு அளவு. ஒரு வரிசையை மற்றொன்றாக மாற்ற எத்தனை செருகல், நீக்கல், மாற்றல் வேண்டும் என்று எண்ணுவது. பாடங்கள் விடுபட்டும் திரும்ப வந்தும் கிடக்கும் வரிசைகளுக்கு இதுதான் கைகொடுக்கும்.

இப்போது ஆறு பாடங்களை வைத்துப் பார்ப்போம்: வட்டப் படத்தில் பின்னம், எண்கோட்டில் பின்னம், சமான பின்னம், ஒப்பிடுதல், கூட்டல், கடைசியாகச் சமச்சீர் உருவங்கள். மொத்தம் 15 ஜோடிகள். சமச்சீரைத் தூக்கி முதலில் வைத்தால் ஐந்து ஜோடிகள் புரளும். கெண்டல் அளவு 0.33-க்கு இறங்கிவிடும். அதை விட்டுவிட்டு முதல் இரண்டை மட்டும் இடம் மாற்றினால் ஒரே ஜோடிதான் புரளும், அளவு 0.87. காகிதத்தைக் கேட்டால் முதல் மாற்றம் பெரியது, இரண்டாவது சின்னது. பிள்ளையிடம் நேர்மாறு. சமச்சீர் முன்னால் வந்ததால் பின்னத்தில் எதுவும் கூடப்போவதில்லை, குறையப்போவதில்லை. ஆனால் பின்னத்தை முதன்முதலில் வெட்டிய வட்டத்தின் துண்டாகப் பார்த்த பிள்ளைக்கும், எண்கோட்டில் ஒரு புள்ளியாகப் பார்த்த பிள்ளைக்கும், 5/4 என்று ஒன்று எதிரே வரும்போது ஒரே நிலைமை இல்லை. “நாலு துண்டுதானே இருக்கு, அஞ்சு எப்படி எடுக்கிறது?” என்ற கேள்வி வட்டத்தில் தொடங்கிய பிள்ளையிடமிருந்துதான் நான் அதிகம் கேட்டிருக்கிறேன்.

ஆகவே எல்லா ஜோடிகளையும் ஒரே எடையில் எண்ணக்கூடாது. ஒரு திறன் இன்னொன்றின் மேல் நிற்கிறது என்பதை அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் கான்யே 1960-களிலேயே படிநிலைகளாக வரைந்து காட்டினார். எது எதற்கு முன்தேவை என்ற அந்த வரைபடத்தை முதலில் போட்டு, கோடு போடாத ஜோடிகளை ஒதுக்கிவிட்டு, கோடு உள்ளவற்றை மட்டும் வைத்து வரிசைகளை ஒப்பிட்டால் காகித அளவு ஓரளவு உண்மைக்குப் பக்கத்தில் வரும். பத்துப் பாடங்களை 36,28,800 விதமாக அடுக்கலாம். முன்தேவைகளைப் போட்டபின் அவற்றில் பெரும்பகுதி அடிபட்டுப்போகும். மிச்சமிருப்பவற்றிலும் சண்டைக்குரிய ஜோடிகள் நாலைந்துதான் இருக்கும். ஆசிரியர்களோடு உட்கார்ந்து அந்த நாலைந்தைக் கண்டுபிடிப்பதற்கு எவ்வளவு நேரம் செலவழித்தாலும் தகும் என்பது என் எண்ணம்.

அப்படி ஒரு ஜோடியைக் கிட்டத்தில் பார்க்கலாம். ஒப்பிடுதல் பாடத்தில் இரண்டு பகுதிகள். ஒன்றில் பகுதி சமம்: 3/8, 5/8 எது பெரியது? மற்றதில் தொகுதி சமம்: 3/8, 3/5 எது பெரியது? வழக்கமான வரிசையில் முதல் வகைக் கணக்குகள் எல்லாம் ஒரே கட்டாக வரும், பிறகு இரண்டாம் வகை. முதல் கட்டில் எதுவும் புரியாமல், இருக்கிற எண்களில் பெரியதைத் தொட்டுக்கொண்டே போனாலும் எல்லாம் சரியாகும். கீழே இருப்பது ஒன்றுதான், மேலே பெரியது எதுவோ அதுவே விடை.

பள்ளி ஒன்றின் கம்ப்யூட்டர் அறையில் நான் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண் முதல் கட்டை ஒரு தப்பும் இல்லாமல் முடித்தாள். திரையில் பச்சை நட்சத்திரம் வந்தது. அடுத்த கட்டின் முதல் கணக்கில் 3/8-ஐத் தொட்டாள். சிவப்பு. எதற்காக அதைத் தொட்டாய் என்று கேட்டேன்.

“எட்டு பெருசுல்ல சார்?”

“அப்ப முன்னாடி பண்ணின கணக்கெல்லாம்?”

“அதுலயும் பெருசைத்தான் சார் தொட்டேன்.”

அவள் சொன்னது முழு உண்மை. ஒரே விதியை வைத்து இரண்டு இடத்திலும் நடந்திருக்கிறாள். ஒரு இடத்தில் மென்பொருள் அதைப் புரிதல் என்று எழுதிக்கொண்டது.

எப்படி எழுதிக்கொள்கிறது என்பதையும் சொல்லவேண்டும். இப்படிப்பட்ட மென்பொருள்களில் பலவற்றின் அடியில் ஓடுவது, கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் ஆல்பர்ட் கார்பெட்டும் ஜான் ஆண்டர்சனும் 1990-களின் நடுவில் வெளியிட்ட கணக்கு முறை. ஒவ்வொரு திறனுக்கும் நாலு எண்கள்: முன்பே தெரிந்திருக்கும் வாய்ப்பு, ஒருமுறை செய்ததில் கற்றுக்கொள்ளும் வாய்ப்பு, தெரியாமலே ஊகித்துச் சரியாகச் சொல்லும் வாய்ப்பு, தெரிந்தும் கைதவறும் வாய்ப்பு. ஒவ்வொரு விடைக்குப் பின்னும் ‘இந்தப் பிள்ளைக்கு இது தெரியும்’ என்ற நம்பிக்கை கூடும் அல்லது குறையும். 0.95-ஐத் தொட்டால் தேர்ச்சி, அடுத்த பாடம். முன்பே தெரிந்திருக்கும் வாய்ப்பை 0.3, கற்கும் வாய்ப்பை 0.1, கைதவறுவதை 0.1, ஊகத்தை 0.2 என்று வைத்தால், முதல் சரியான விடைக்குப் பின் நம்பிக்கை 0.69, இரண்டாவதில் 0.92, மூன்றாவதில் 0.98. மூன்றே விடையில் தேர்ச்சி. ஆனால் இரண்டில் ஒன்றைத் தொடும் கேள்விக்கு ஊகத்தை 0.5 என்றல்லவா வைக்கவேண்டும்? அப்படி வைத்தால் ஐந்து சரியான விடைக்குப் பின்னும் 0.945-தான், ஆறாவதில்தான் தேர்ச்சி. அந்தப் பெண்ணைப் பொறுத்தவரை அதுவும் போதாது. அவள் ஊகிக்கவில்லை. ஒரு தவறான விதியை மாறாமல் பயன்படுத்தினாள். ஆறு என்ன, அறுபது கொடுத்தாலும் அந்தக் கட்டில் சரியாகவே போட்டிருப்பாள்.

அந்தப் பள்ளியின் கணக்கு டீச்சர் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். “ரெண்டையும் கலந்து குடுங்க சார். முதல் அஞ்சு நிமிஷத்துலயே தெரிஞ்சிரும் யாருக்குப் புரிஞ்சிருக்குன்னு” என்றார்.

கலந்து கொடுத்தால் பாடத்தின் நடுவே மதிப்பெண் விழும். மென்பொருளை வாங்கிய பள்ளி நிர்வாகம் பார்ப்பது டாஷ்போர்டில் இருக்கும் சதவீதத்தை. கட்டுக்கட்டாக வரும் வரிசை அங்கே அழகாகத் தெரியும். கலந்து வரும் வரிசை மோசமாகத் தெரியும். அந்த டாஷ்போர்டை வைத்து ஒப்பிட்டால் டீச்சர் சொன்னது தோற்றுப்போகும்.

தோற்கக்கூடாது என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. தெற்கு ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தின் டக் ரோரரும் கெல்லி டெய்லரும் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்கள் நாலு விதத் திண்ம உருவங்களின் கன அளவைக் கண்டுபிடிக்கப் பழகினார்கள். ஒரு குழுவுக்கு ஒரே வகைக் கணக்குகள் சேர்ந்தாற்போல், இன்னொரு குழுவுக்குக் கலந்து. பழகும்போது சேர்ந்தாற்போல் செய்தவர்கள் 89 சதவீதம் சரி, கலந்து செய்தவர்கள் 60. ஒரு வாரம் கழித்து நடந்த தேர்வில் முதல் குழு 20, இரண்டாம் குழு 63. அதே கணக்குகள், அதே எண்ணிக்கை, வரிசை ஒன்றுதான் வேறு. இதற்கு வெகுகாலம் முன்பே, 1972-இல், ஸ்டான்ஃபோர்டின் ரிச்சர்ட் அட்கின்சன் 84 ஜெர்மன் சொற்களைக் கம்ப்யூட்டர் வழியாகக் கற்பித்துப் பார்த்திருக்கிறார். எந்தச் சொல்லை அடுத்துக் காட்டுவது என்பதை ஒரு குழுவுக்குக் குலுக்கல் முடிவு செய்தது, ஒரு குழுவுக்கு மாணவரே முடிவு செய்தார், ஒரு குழுவுக்கு ஒவ்வொரு சொல்லின் கடினத்தையும் அறிந்த கணித மாதிரி முடிவு செய்தது. பயிற்சியின்போது அதிகம் சரியாகச் சொன்னவர்கள் குலுக்கல் குழுவினர். ஒரு வாரம் கழித்துக் குலுக்கல் 38 சதவீதம், மாணவர் விருப்பம் 58, கணித மாதிரி 79.

காரணம் விளங்காத மர்மம் ஒன்றும் இல்லை. நல்ல வரிசை, தெரிந்ததைத் திரும்பக் கேட்டு நேரத்தைக் கரைக்காது. தெரியாததைத்தான் முன்னால் கொண்டுவந்து வைக்கும். அதனால் பாடத்தின் நடுவே பிள்ளை அதிகம் தப்பு செய்யும். பாடத்துக்குள் எடுத்த அளவு கற்றலை அளப்பதில்லை, அந்த வரிசை கேட்ட கேள்விகள் எவ்வளவு சுலபம் என்பதைத்தான் அளக்கிறது. ஆகவே இரண்டு வரிசைக்கும் வெளியே நிற்கும் ஒரே கேள்வித்தாள் வேண்டும், அதுவும் சில வாரம் கழித்து வேண்டும். இதில் மட்டும் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

செலவைக் குறைக்க, பள்ளிக்கே போகாமல் கம்ப்யூட்டருக்குள் கற்பனை மாணவர்களை உருவாக்கி வரிசைகளை ஓட்டிப் பார்க்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. பார்க்கலாம், ஆனால் அந்தக் கற்பனை மாணவர் எந்த மாதிரியில் செய்யப்பட்டவர் என்று கேட்கவேண்டும். மேலே சொன்ன நாலு எண் முறையின் அடிப்படை வடிவத்தில் ஒவ்வொரு திறனும் தனித்தனித் தீவு. எண்கோடு தெரிந்தால் ஒப்பிடுதல் சுலபமாகும் என்பதற்கு அதில் இடமே இல்லை. மறதிக்கும் இடமில்லை, ஒருமுறை கற்றால் கற்றதுதான். அப்படிப்பட்ட மாணவர்களை ஆயிரக்கணக்கில் ஓட்டினாலும், எந்தத் திறன் முதலில் என்ற கேள்விக்கு ‘எல்லாம் ஒன்றுதான்’ என்றுதான் விடை வரும். கட்டாகக் கொடுத்தாலும் கலந்து கொடுத்தாலும் அதே விடை. வரிசையால் வரும் வித்தியாசத்தை மாதிரியிலிருந்து எடுத்துவிட்டு, வித்தியாசம் இல்லை என்று முடிவு எழுதுவதில் என்ன பொருள் இருக்கிறது? ஷயான் டோரூடி, வின்சென்ட் ஆலெவன், எம்மா பிரன்ஸ்கில் மூவரும் 2019-இல் வெளியிட்ட விரிவான மீளாய்வு, கம்ப்யூட்டரே கற்றுக்கொண்டு பாட வரிசையை அமைக்கும் முயற்சிகள், கற்றல் பற்றி உளவியல் கண்டறிந்தவற்றின் எல்லைக்குள் நின்றபோதுதான் அதிகம் பலித்தன என்று காட்டியது. எனக்கு அது ஆச்சரியமாக இல்லை.

பள்ளியில் அளக்கும்போது வேறு விதமான சிக்கல்கள். இன்றைய மென்பொருள்களில் எந்த இரண்டு பிள்ளைக்கும் ஒரே வரிசை வருவதில்லை. தப்பு செய்த பிள்ளைக்குக் கூடுதல் கணக்கு, சரியாகச் செய்த பிள்ளைக்கு அடுத்த பாடம். ஆகவே மென்பொருளின் பதிவேடான லாகில் கிடக்கும் வரிசை பிள்ளையின் திறமையால் உண்டானது. அதை எடுத்து ‘நீளமான வரிசையில் போனவர்கள் தேர்வில் குறைவாக வாங்குகிறார்கள்’ என்று அறிக்கை எழுதினால், மருந்து அதிகம் சாப்பிட்டவர்கள்தான் அதிகம் நோயாளிகள் என்று எழுதுவதற்குச் சமம். பிள்ளை முதல் கணக்கைத் தொடுவதற்கு முன்பே குலுக்கலில் எந்த வரிசை விதி என்று முடிவாகியிருக்க வேண்டும். பிறகு விதியோடு விதியைத்தான் ஒப்பிடலாம். லாகில் கிடக்கும் தனித்தனி வரிசைகளை ஒப்பிடக் கூடாது.

குலுக்கலைப் பிள்ளைவாரியாகப் போட்டால் கணக்கு சுத்தமாக இருக்கும். ஆனால் பக்கத்துத் திரையை எட்டிப் பார்க்காத பிள்ளை எந்த ஊரில் இருக்கிறது? சில அறைகளில் ஒரு கம்ப்யூட்டருக்கு இரண்டு பேர்; லாகின் ஒருவர் பெயரில், மௌஸ் மற்றவர் கையில். வகுப்புவாரியாகக் குலுக்கினால் இந்தத் தொல்லை குறையும், ஆனால் எண்ணிக்கை சுருங்கிவிடும். ஒரே வகுப்பின் பிள்ளைகள் ஒரே ஆசிரியரிடம் படித்தவர்கள். மதிப்பெண்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த ஒட்டுறவு 0.2 என்று வைத்தால், நாற்பது பேர் உள்ள பத்து வகுப்புகளின் நானூறு பிள்ளைகள், தனித்தனியாகக் குலுக்கிய சுமார் 45 பிள்ளைகளுக்குத்தான் சமம்.

எவ்வளவு பேர் வேண்டும் என்பது எவ்வளவு சிறிய வித்தியாசத்தைத் தேடுகிறோம் என்பதைப் பொறுத்தது. கார்த்திக் முரளிதரன், அபிஜித் சிங், அலெஹாந்த்ரோ கனிமியான் மூவரும் டெல்லியில் மைண்ட்ஸ்பார்க் மென்பொருளை வைத்து 2015-இல் நடத்திய குலுக்கல் ஆய்வில், நாலரை மாதத்தில் கணக்கில் 0.37 திட்ட விலக்க அளவுக்கு முன்னேற்றம் கிடைத்தது. அது குலுக்கலில் மைண்ட்ஸ்பார்க் மையத்தில் இடம் கிடைத்தவர்களுக்கும் கிடைக்காதவர்களுக்கும் உள்ள வித்தியாசம். மென்பொருள், சிறு குழு வகுப்பு எல்லாம் சேர்ந்தது. உள்ளே ஒரே ஒரு ஜோடிப் பாடத்தை இடம் மாற்றியதன் பலன் அதைவிடச் சிறிதாகத்தான் இருக்கும். 0.2 அளவு வித்தியாசத்தைப் பிடிக்க வழக்கமான நம்பகத்தில் ஒரு குழுவுக்கு ஏறத்தாழ நானூறு பேர் வேண்டும். 0.1 என்றால் அதன் நாலு மடங்கு. இந்தக் கணக்கை முதல் நாளே நிர்வாகத்தின் முன் வைத்துவிடுவேன். இரண்டு வகுப்பை வைத்து ஒரு மாதத்தில் முடிவு சொல்லுங்கள் என்று கேட்பவர்களிடம், அந்த முடிவை நம்பிப் பாடத்தை மாற்றாதீர்கள் என்று சொல்வது என் கடமை.

அதே டெல்லி ஆய்வில் இன்னொரு தகவல் எனக்கு இன்னும் முக்கியம். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் கணக்கில் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்தங்கியிருந்தார்கள். வகுப்பு ஏற ஏற அந்த இடைவெளி அதிகமானது. ஒரே வகுப்பறையில் இருக்கும் பிள்ளைகளின் தொடக்கப் புள்ளிகள் அவ்வளவு சிதறிக் கிடக்கின்றன. அதனால் ‘எந்த வரிசை நல்லது’ என்ற கேள்விக்கு ஒரே எண்ணை விடையாகத் தருவதை நான் நிறுத்திவிட்டேன். பின்னம் என்றால் என்னவென்றே பிடிபடாத பிள்ளைக்குக் கலந்து கொடுத்தால் எல்லாம் இருட்டு. முதலில் கொஞ்சம் கட்டாகவே கொடுக்கவேண்டும். அடிப்படை தெரிந்த பிள்ளைக்குக் கட்டாகக் கொடுப்பது நேர விரயம். சராசரி எடுத்தால் ஒன்றின் லாபமும் மற்றதன் நஷ்டமும் கழிந்து பூஜ்யத்துக்குப் பக்கத்தில் நிற்கும். வித்தியாசம் இல்லை என்று கோப்பை மூடிவிடுவார்கள். முன்தேர்வில் கீழ், நடு, மேல் என்று மூன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனியாக வித்தியாசத்தையும் அதன் தடுமாற்ற எல்லையையும் காட்டும் அட்டவணைதான் இப்போது என் அறிக்கையின் முதல் பக்கம். அந்தப் பிரிவுகளைத் தரவு வருவதற்கு முன்பே எழுதிப் பூட்டி வைத்துவிடுவோம். வந்தபின் பிரித்தால் வேண்டிய விடை வரும்வரை பிரித்துக்கொண்டே போகலாம்.

பாதியில் விட்டுப்போகிறவர்களையும் எண்ணவேண்டும். கடினமான வரிசையில் தடுமாறும் பிள்ளைகள் லாகின் செய்வதையே விட்டுவிடுவார்கள். கடைசித் தேர்வுக்கு மிஞ்சி நிற்பவர்கள் கெட்டிக்காரர்கள். அந்த வரிசை வென்றதுபோலத் தெரியும். குலுக்கலில் பெயர் வந்த ஒவ்வொரு பிள்ளையும், பாடத்தை முடித்திருந்தாலும் முடிக்காவிட்டாலும், தேர்வு எழுதவேண்டும். இதற்கு நேரில் போய் நிற்பதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை. இரண்டு வரிசைக்கும் சமமாக்குவது நேரத்தையா, கணக்குகளின் எண்ணிக்கையையா என்பதையும் முன்பே சொல்லிவிடவேண்டும். கலந்து வரும் கணக்குகளுக்குப் பிள்ளை அதிக நேரம் எடுக்கும். வாரத்தில் பள்ளி ஒதுக்குவது ஒரு பீரியட் என்பதால் நான் நேரத்தைத்தான் சமமாக்குகிறேன்.

இப்போது கையில் இருப்பது வட்டப் படமா எண்கோடா என்ற பழைய ஜோடிதான். தள்ளிவைத்த தேர்வுக்குக் கோடை விடுமுறையையே பயன்படுத்துகிறோம். ஏப்ரலில் பாடம் முடியும். ஜூனில் பள்ளி திறந்தபின் கேள்வித்தாள். ஐந்தாம் வகுப்பில் செய்தால் பிள்ளைகள் ஆறாவதுக்கு வேறு வேறு பள்ளிகளுக்குப் போய்விடுவார்கள். ஆகவே நாலாம் வகுப்பைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம். கேள்வித்தாளில் வட்டமும் இல்லை, கோடும் இல்லை. எந்த வரிசைக்கும் பழகிய படம் சாதகமாகிவிடக் கூடாது. 3/8, 3/5 எது பெரியது என்ற கேள்வி முதல் பக்கத்திலேயே இருக்கிறது.

விடையைத் தொட்டால் மட்டும் போதாது, ஏன் என்று ஒரு வரி எழுதவும் இடம் விடுங்கள் என்று அந்தக் கணக்கு டீச்சர் கேட்டார். நூற்றுக்கணக்கான கையெழுத்தைப் படிக்க ஆளும் நாளும் வேண்டும் என்பதால் நிர்வாகம் தயங்கியது. நான் டீச்சர் பக்கம் நின்றேன். அந்தப் பெண் சொன்னதுபோல ஒரு வரி கிடைத்தால், ஆறு சரியான விடைகள் சொல்லாததை அது சொல்லும். எந்தப் பிள்ளை எந்த வரிசையில் படித்தது என்று தெரியாமல், இரண்டு பேர் தனித்தனியாக அந்த வரிகளைப் படித்து வகைப்படுத்தப் போகிறோம். ஒருவர் அந்த டீச்சர். அவருடைய பள்ளியின் தாள்கள் மட்டும் அவரிடம் போகாது. அவற்றை வேறொரு ஆசிரியர் பார்ப்பார்.